ஆறாத புண்ணை ஆற்றிக் காட்டியவர்: கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட்

சர்க்கரை நோய் உள்ளவரின் காலில் ஒரு புண் வந்துவிட்டால், அது சர்க்கரைப் புண், இனி ஆறாது என்று முதல் நாளே நம் வீடுகளில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரத்தில் தறிப்பட்டறையில் நின்றே வேலை பார்த்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு விரல், அப்புறம் பாதி பாதம், அதற்கப்புறம் முழங்காலுக்குக் கீழே என்று இழந்தவர்களைத் தெரியாதவர் குறைவு. மருந்து போடாமல் யாரும் விட்டிருக்க மாட்டார்கள். களிம்பு, மாத்திரை, ஊசி எல்லாம் நடந்திருக்கும். ஆனால் அந்தக் காலை வைத்து அவர் பட்டறைக்கும் பள்ளிவாசலுக்கும் கடைவீதிக்கும் நடந்துகொண்டே இருந்திருப்பார். வலித்தால்தானே உட்காருவார்?

ஏறத்தாழ 75 ஆண்டுகளுக்கு முன்பு தொழுநோயாளிகளின் புண்களுக்கும் உலகம் இதே தீர்ப்பைத்தான் எழுதி வைத்திருந்தது. தொழுநோய் வந்த சதை கெட்ட சதை, அது தானாகவே அழுகும், விரல்கள் தானாகவே உதிரும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். அது தவறு என்று வேலூரில் இருந்துகொண்டு நிரூபித்தவர் டாக்டர் பால் பிராண்ட். பெயர் வெள்ளைக்காரப் பெயர். பிறந்த மண் நம் பக்கத்து நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை.

தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாய் ஈவ்லினும் இங்கிலாந்தில் இருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரிகள். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி ஆட்கள் ஏறவே தயங்கிய காலத்தில் கொல்லிமலையில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அங்கேதான் 1914 ஜூலை 17 அன்று பால் பிறந்தார். தந்தை முழு மருத்துவர் அல்ல. வெப்பநாட்டு நோய்களுக்கான சிறு பயிற்சி மட்டும் பெற்றவர். அதை வைத்துக்கொண்டே பல் பிடுங்குவார், சீழ்க்கட்டிகளைக் கீறிவிடுவார், நரம்புச் சிலந்திப் புழுவைக் காலில் இருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பார். தொழுநோயாளிகள் வந்தபோதும் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டுத்தான் அனுப்பினார். ஆனால் பிள்ளைகளை அருகே விடவில்லை. அப்பாவின் வேலையில் பார்த்த ரத்தமும் சீழும் சிறுவன் பாலுக்கு அருவருப்பைத் தந்தன. வளர்ந்தால் எந்த வேலைக்கும் போகலாம், மருத்துவம் மட்டும் வேண்டாம் என்று அவர் அப்போதே முடிவு செய்திருந்தார்.

9 வயதில், 1923ல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தையை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1929ல் கருநீர்க் காய்ச்சல் என்னும் கொடிய மலேரியாவில் ஜெஸ்ஸி கொல்லிமலையிலேயே இறந்துபோனார். செய்தி தந்தியில் வந்தது. தந்தை உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதங்களோ, கப்பல் தபால் என்பதால், அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன. பதின்ம வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

மருத்துவம் வேண்டாம் என்றவர் கட்டட வேலைக்குப் போனார். தச்சு, கொத்து, கல் வேலை என்று சில ஆண்டுகள் பயின்றார். ஒரு கருவியின் கைப்பிடி எங்கே உள்ளங்கையில் அழுத்தும், எடை எங்கே இறங்கும் என்பதெல்லாம் அவருக்குப் பட்டறையில் தெரிந்த விஷயங்கள். இந்தப் படிப்பு பின்னால் எவ்வளவு கை கொடுத்தது என்பதைப் பார்த்தால், தச்சுப் பட்டறையில் கழித்த அந்தக் காலத்தை வீண் என்று சொல்லவே முடியாது. தந்தையைப் போல மிஷனரியாகப் போகும் எண்ணத்தில் ஓராண்டு மருத்துவப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, லண்டன் மருத்துவமனை ஒன்றில், செத்துவிட்டாள் என்று நினைக்கத்தக்க நிலையில் கிடந்த ஒரு பெண் ரத்தம் ஏற்றியதும் கண் திறந்ததைப் பார்த்தார். மனம் மாறியது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கு நடுவே படித்து அறுவை மருத்துவரானார். உடன் படித்த மார்கரெட்டை 1943ல் மணந்தார்.

1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அழைத்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன், தொழுநோய்க்கு டாப்சோன் மருந்தை இந்தியாவில் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். அவர் ஒருநாள் பிராண்டைச் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். மடங்கிப்போன விரல்கள், விரலே இல்லாத கைகள், புண்ணோடு நடக்கும் கால்கள். ஏன் இப்படி ஆகிறது என்று பிராண்ட் கேட்டார். தனக்குத் தோல்தான் தெரியும், எலும்பும் தசையும் தெரிந்தவர் பிராண்ட்தான், ஆனால் இத்தனை லட்சம் பேர் ஊனப்பட்டுக் கிடந்தும் எலும்பு மருத்துவர் ஒருவர்கூட இதை ஆராயவில்லையே என்று காக்ரேன் திருப்பிக் கேட்டார்.

அன்று ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். பலம் இருக்காது என்று நினைத்தவருக்கு நகம் பதிகிற அளவு வலித்தது. அந்த மனிதருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. செத்துப்போன கை என்று எல்லாரும் ஒதுக்கியதில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன, சில நரம்புகள்தான் செயலிழந்திருக்கின்றன என்பது அந்தக் கைப்பிடியில் புலப்பட்டது. நல்ல தசையின் தசைநாணை எடுத்துச் செயலிழந்த விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சை 1940களின் இறுதியில் வேலூரில் தொடங்கியது. பிராண்டுக்கு உலகப் புகழ் தந்தது இதுதான். 1952ல் லண்டன் அறுவை மருத்துவர்கள் கல்லூரியில் ஹண்டேரியன் பேராசிரியர் என்ற சிறப்பும், 1960ல் லாஸ்கர் விருதும் கிடைத்தன.

ஆனால் நம் வீடுகளுக்கு அதிகம் வேண்டியது, புகழுக்குப் பின்னால் நடந்த இன்னொரு வேலை.

கை விரிந்த நோயாளிகள் சிலர் திரும்பி வந்து வேறு குறையைச் சொன்னார்கள். முன்பு கோணல் கையைப் பார்த்து மக்கள் பிச்சை போட்டார்கள், இப்போது போடுவதில்லை, வேலையும் யாரும் கொடுப்பதில்லை என்றார்கள். அதனால் மருத்துவமனை வளாகத்தில் மண் குடிசைகளாக நவஜீவ நிலையம் எழுந்தது. தச்சு தெரிந்த டாக்டரே அங்கே தச்சு கற்றுக்கொடுத்தார். நோயாளிகள் மரப்பொம்மைகள் செய்தார்கள். அங்கேதான் புண்ணின் ரகசியம் வெளிப்பட்டது. சரிசெய்து அனுப்பிய கைகளில் தினமும் புதிதாகக் கொப்புளம், வெட்டு, தீக்காயம். கெட்ட சதை என்றால் புண் எங்கு வேண்டுமானாலும் வர வேண்டுமே, ஏன் சுத்தியல் பிடிக்கிற இடத்தில் மட்டும் வருகிறது?

பிராண்ட் போலீஸ்காரரைப் போல விசாரிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவரின் கையும் தினமும் பார்க்கப்பட்டது. ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்பது விதி. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்தது ஒன்று, கருவியின் கைப்பிடியில் இருந்த சிராய் இன்னொன்று. துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க முடியாதபோது, ஒரு சிறுவன் வந்து சட்டென்று சாவியைத் திருகித் திறந்தான். இவனுக்கு இவ்வளவு பலமா என்று கையைப் பார்த்தால், விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவனுக்குத் தெரியவே இல்லை. சிலருக்கு இரவில் படுத்து எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. ஒருவர் இரவெல்லாம் விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான், தூங்குகிறவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. அன்று முதல் அங்கிருந்து வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையும் அனுப்பப்பட்டது.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் புண் மருத்துவத்தின் அடிப்படையே இதில் இருக்கிறது. சதை தானாக அழுகவில்லை. விரல் தானாக உதிரவில்லை. வலி என்ற காவல்காரன் இல்லாத வீட்டில் எல்லாரும் புகுந்து திருடுகிறார்கள், அவ்வளவுதான். தொழுநோய்க் கிருமியை மருந்து கொன்றுவிடும். போன உணர்வைத் திருப்பித் தராது. எனவே கிருமி இல்லாத உடம்பிலும் புண் வந்துகொண்டே இருக்கும்.

காலில் இதைக் கண்டுபிடிப்பது கையைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்பாதத்தின் அடியில் வரும் ஆழமான குழிப்புண், நோயாளியைப் படுக்க வைத்தால் ஆறியது. எழுந்து நடந்தால் மறுபடி வந்தது. கட்டும் மருந்தும் ஒன்றுதான், நடை மட்டும்தான் வித்தியாசம். நமக்கு ஆணி குத்தினால் உடனே காலைத் தூக்கிவிடுகிறோம். கூடவே நமக்கே தெரியாமல் இன்னொன்றும் செய்கிறோம்: நெடுந்தூரம் நடக்கும்போது பாதத்தில் ஒரே இடம் சூடேறினால், கொஞ்சம் சாய்ந்து, நடையை மாற்றி, எடையை வேறு பக்கம் தள்ளிக்கொள்கிறோம். உணர்வில்லாத கால் முதல் அடியில் இருந்து கடைசி அடி வரை ஒரே இடத்தில்தான் மிதிக்கும். ஓர் அடி ஒன்றும் செய்யாது. அதே அடி அதே இடத்தில் ஆயிரக்கணக்கில் விழும்போது உள்ளே சதை நைந்துபோகும். வெளித்தோல் உடைவது கடைசியில்தான். இறுக்கமான செருப்பு மணிக்கணக்காக அழுத்தி ரத்தம் போகாமல் செய்வது வேறு வகை, முள்ளும் தீயும் வேறு வகை. இவற்றை இப்படிப் பிரித்துச் சொன்னது பிராண்டின் பெரிய பங்களிப்பு. ஏனெனில் எந்த வகை என்று தெரிந்தால்தான் எதைத் தடுப்பது என்று தெரியும்.

அந்தப் புண்களுக்கு அவர் பெரிதும் நம்பியது மாவுக்கட்டை. எலும்பு முறிவுக்குப் போடுகிற அதே கட்டுதான். பாதத்தோடு எங்கும் இடைவெளியின்றி ஒட்டி, கால் வரை ஏறும். எடை ஒரே புள்ளியில் இறங்காமல் பாதம் முழுவதும், கெண்டைக்கால் வரை பரவிவிடும். நோயாளி நடக்கலாம், புண் மட்டும் ஓய்வில் இருக்கும். இது பிராண்டின் கண்டுபிடிப்பு அல்ல. 1930களிலேயே இலங்கையிலும் இந்தியாவிலும் சில மருத்துவர்கள் செய்து பார்த்ததுதான். இதைத் தொடர்ந்து செய்து, ஏன் வேலை செய்கிறது என்று விளக்கி, பின்னால் அமெரிக்கா வரை கொண்டுபோனவர் அவர். பல மாதம் ஆறாத புண்கள் சில வாரங்களில் மூடின. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உள்ளே சீழ் பிடித்திருந்தாலோ காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ இந்தக் கட்டு ஆபத்து. சோதித்துப் பார்த்து மருத்துவர் போட வேண்டியது இது.

ஆறிய கால் மறுபடி புண்ணாகாமல் இருக்கச் செருப்பு வேண்டும். மரம், தோல், பிளாஸ்டிக் என்று பலதும் முயன்ற பிறகு, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மைக்ரோசெல்லுலர் ரப்பரில் வந்து நின்றார்கள். மேலே மெத்தென்று இருந்து எடையைப் பரப்பும், அடியில் கெட்டியான ரப்பர் முள்ளையும் ஆணியையும் தடுக்கும். செருப்புத் தைப்பவர் மருத்துவக் குழுவில் ஒருவரானார். இயன்முறைப் பயிற்சியாளர், கட்டுப்போடுபவர், தச்சர், சமூகப் பணியாளர் எல்லாரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தது இந்தக் குழுவில்தான். மார்கரெட் கண்களை எடுத்துக்கொண்டார். இமைக்கும் உணர்வு போன கண்ணும் காலைப் போலவே கெடுகிறது என்பதைக் கண்டு சிகிச்சை தந்தார். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1950களில் வளர்ந்த தொழுநோய் ஆய்வு மருத்துவமனைக்குப் பல நாடுகளில் இருந்தும் இதைக் கற்க ஆட்கள் வந்தார்கள். புண்ணுக்குக் கட்டுப்போடுவது கம்பவுண்டர் வேலை என்று இருந்த நிலை மாறி, அது தனியாகப் படித்துத் தேற வேண்டிய தொழிலாக ஆனதில் இந்த இடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1953ல் அவருக்கே ஒரு சோதனை வந்தது. நீண்ட பயணத்துக்குப் பிறகு லண்டன் விடுதியில் காலுறையைக் கழற்றியபோது ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. இத்தனை ஆண்டு தொழுநோயாளிகளைத் தொட்டவர், நோய் தனக்கும் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். மனைவி, பிள்ளைகளை விட்டு ஒதுங்க வேண்டுமா என்றெல்லாம் எண்ணினார். காலையில் எழுந்து அதே இடத்தில் குத்தினால் சுரீர் என்றது! முதல்நாள் ரயிலில் ஒரே வாக்கில் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருக்கிறது. வலித்ததற்காக அவ்வளவு மகிழ்ந்தவர் வேறு யாராவது இருப்பார்களா தெரியவில்லை.

1966ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்த்தபோது, வேலூரில் பார்த்த அதே குழிப்புண், அதே இடத்தில் இருந்தது. சர்க்கரை நோயும் நாளடைவில் கால் நரம்புகளின் உணர்வை எடுத்துவிடுகிறது. ரத்த ஓட்டம் கெட்டது, இனி ஆறாது, வெட்டு என்பதே அன்றைய பொதுவான போக்கு. ரத்த ஓட்டம் கெட்டவர்களும் உண்டுதான். ஆனால் பலருக்கு நாடி நன்றாகவே துடித்தது, உணர்வுதான் போயிருந்தது. அவர்களுக்கு வேலூர் வைத்தியத்தையே செய்தார், புண்கள் ஆறின. தமிழ்நாட்டுத் தொழுநோயாளிகளின் கால்களில் கற்ற பாடம் இப்படித்தான் உலகெங்கும் உள்ள சர்க்கரை நோயாளிகளின் கால் கிளினிக்குகளுக்குப் போனது. பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று மருத்துவர் கேட்கிறாரே, அந்த 10 கிராம் அளவு இழையும் கார்வில் ஆய்வுகளில் நிலைப்பட்டதுதான். நூலோடு வாழ்கிற சோமனூர்க்காரர்களுக்கு இதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும்: ஓர் இழை காலைக் காப்பாற்றும்.

கார்வில்லில் அவர் தோற்ற இடமும் ஒன்று உண்டு. வலிக்குப் பதிலாகக் கருவி செய்யப் பார்த்தார். கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை அறியும் உணரிகள், அதிகம் அழுத்தினால் காதில் ஒலி. நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. அப்புறம், உணர்வுள்ள அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஏதாவது செய்ய மனம் வந்தால் அவர்கள் கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். பெரும் செலவுக்குப் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கடைசியில் அவர் நம்பியது கண்ணையும் கையையும்தான். பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும், உள்ளங்கையால் தடவ வேண்டும், ஓர் இடம் மட்டும் மற்ற இடங்களைவிடச் சூடாக இருந்தால், தோல் உடையாவிட்டாலும், அந்தக் காலுக்கு ஓய்வு தர வேண்டும்.

நாம் நாள்தோறும் உளூச் செய்யும்போது பாதத்தைக் கழுவுகிறோம், விரல் இடுக்குகளைத் தேய்க்கிறோம். சர்க்கரை உள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும் அந்த வேளையில் ஒருமுறையாவது வெளிச்சத்தில் அடிப்பாதத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். குனிய முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும், இல்லையேல் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். கழுவிய பின் விரல் இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. ஜும்ஆ நாளில் வெயிலில் காய்ந்த பள்ளி முற்றத்தில் வெறுங்காலோடு நடப்பதும், ஹஜ், உம்ராவில் செருப்பு தொலைந்து சுடுதரையில் நடப்பதும் உணர்வில்லாத காலைப் பொசுக்கிவிடும். பொசுங்கியது அவருக்கே தெரியாது. ஆணிக்காலை பிளேடால் சீவுவதும், கால் மரத்திருக்கிறது என்று வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் நம் பக்கம் சகஜம். இரண்டும் வேண்டாம். தறிக்கு நடுவே ஒரு ஷிப்ட் முழுக்க நிற்கிறவர், வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் தடவிச் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். காலில் புண் வந்துவிட்டால், களிம்பை மாற்றுவதற்கு முன் நடையை நிறுத்துங்கள், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிராண்டின் தாய் ஈவ்லின், கணவர் இறந்த பிறகும் மலையை விட்டுப் போகவில்லை. முதிய வயதிலும் மட்டக்குதிரையில் ஏறி மலைக்கிராமங்களுக்குப் போய்வந்து, 95 வயதில் இங்கேயே இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். பால் பிராண்ட் 1986ல் கார்வில்லில் ஓய்வு பெற்று சியாட்டில் நகரில் குடியேறினார். அங்கே 2003 ஜூலை 8 அன்று, 89ஆம் பிறந்தநாளுக்கு 9 நாட்கள் இருக்கையில் காலமானார். மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு இன்றும் கிடைக்கிறது. சர்க்கரை நோய்க் கால் மருத்துவரிடம் கேட்டால் அளவெடுத்துச் செய்யும் இடத்தைச் சொல்வார்கள். வாங்கியதோடு விட்டுவிடக் கூடாது. நாளாக ஆக ரப்பர் அழுந்தித் தட்டையாகிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்கித் திரும்பவில்லை என்றால் அந்தச் செருப்பை மாற்றிவிட வேண்டும்.